மூன்றாம் மேடையில் காத்திருந்தவன்

பிரேசிலில், பெத்ரா மான்சா ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஜூல்மீராவின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவள் குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நிலையத்தின் நடுவில், பயணச்சீட்டு விற்கும் சன்னலுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. அதற்குள் ஒலிவாங்கியின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். பெருத்த உடம்பு, நரைத்த தலையில் இரண்டு கொண்டை ஊசிகள், மேசைமேல் ஒரு குவளைக் காப்பி. அவள் வாயைத் திறந்ததும் கூரையெங்கும் அந்தக் குரல் பரவும். "உபெராபா செல்லும் பயணிகள் இரண்டாம் மேடைக்கு வரவும்." அதில் அவசரமும் இருக்காது, அதட்டலும் இருக்காது. சாப்பிட வா என்று வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி கூப்பிடுவதுபோல் இருக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகூட எழுந்து தன் செருப்பைத் தேடும்.

ஓட்டுநர்கள் அவளைத் தோனா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், ஆனால் சீண்டாமல் போக மாட்டார்கள்.

"உங்க குரலக் கேட்டா எந்த ஊருக்குப் போறேன்னே மறந்துடுது, தோனா ஜூல்மீரா."

"ஊரு மறந்தா பரவால்ல. பிரேக் எந்தக் காலுல இருக்குன்னு மட்டும் மறந்துடாத."

சிரித்துக்கொண்டே வந்தவன் இதைக் கேட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொள்வான். புதிதாக வந்த ஓட்டுநராக இருந்தால் மற்றவர்கள் அவனைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்வார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால், சனவரி மழையில், கோயானியா பேருந்து ஆற்றுப்பாலத்துக்கு முந்திய வளைவில் புரண்டு தண்ணீரில் விழுந்தது. செத்தவர்களில் ஜூல்மீராவின் ஒரே மகன் ஜில்மாரும் ஒருவன். வேலை தேடிப் போனவன். அந்தப் பேருந்தில் ஏற மூன்றாம் மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது அவள்தான். மகன் போகிறான் என்று அன்றைக்குக் குரலில் கொஞ்சம் பெருமை கூடச் சேர்த்திருந்தாள்.

அதற்கப்புறம் அவள் கோயானியா பேருந்தை மட்டும் அறிவித்ததே இல்லை. மத்தியானம் அது வரும் நேரத்துக்குக் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். சீட்டு விற்கும் கிளியோனிசி எழுந்து வந்து, மூக்கடைத்த குரலில் அந்த ஒரு பேருந்தை மட்டும் கூப்பிடுவாள். இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அது தானாக நடந்தது.

மகன் போன முதல் வருடம் ஜூல்மீரா, செத்தவர்களோடு பேச வழி செய்யும் ஆவிநெறி மன்றங்களைத் தேடிப் போனாள். எங்கள் மினாஸ் மாநிலத்தில் துக்கம் வந்த வீட்டுக்காரர்கள் ஞாயிறு பூசைக்கும் போவார்கள், வியாழன் மன்றத்துக்கும் போவார்கள். இரண்டுக்கும் சண்டை என்று பாதிரியார் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். செத்தவர்களின் பேச்சை எழுதித் தரும் மீடியம்கள் இருக்கும் பெரிய மன்றம் ஒன்றுக்கு அவள் பலமுறை பேருந்தேறிப் போனாள். பக்கத்தில் இருந்த தாய்மாரிடமெல்லாம் அவரவருடைய செத்த பிள்ளைகள் பேசினார்கள். ஜில்மார் பேசவில்லை. உள்ளூர் மன்றத்தை நடத்திவந்த பெரியவர், சேவு அன்செல்மோவிடம் வந்து அழுதாள். மருந்துக்கடையில் ஆயுள் முழுக்க நின்று ஓய்வு பெற்றவர் அவர். எதையும் அளந்துதான் சொல்வார்.

"வாசலத் திறந்து வைக்கறது நம்ம வேலைம்மா. கையப் பிடிச்சு இழுக்கறது நம்ம வேலை இல்ல. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்காத. இங்க வர்றவங்களோட பேச ஆள் வேணும். உனக்கு நல்ல குரல்."

இப்படித்தான் அவள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்களை விட மாட்டார்கள். பிரேசில் அணி கால்பந்தாடும் நாளில்கூட அது நின்றதில்லை. சாயங்காலம் கதவைச் சாத்தி, நீல விளக்கு ஒன்றை மட்டும் எரிய விடுவார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, நடுவில் ஒரு சாடித் தண்ணீர். மீடியம்கள் மேசையைச் சுற்றிக் கண்ணை மூடி உட்கார்வார்கள். ஆவிகள் அவர்கள் வாய்வழியாகப் பேசும். ஒவ்வொருவர் அருகிலும் வரும் ஆவியோடு பேசுவதற்கு ஒருவர் இருப்பார். வருவது பெரும்பாலும் தாங்கள் உடம்பை விட்டுவிட்டோம் என்பதே தெரியாத ஆவிகள். அவர்களிடம் அதைப் பக்குவமாகச் சொல்லவேண்டும். சொன்னால், அந்தப் பக்கத்து உதவியாளர்கள் வந்து கூட்டிப்போவார்கள். பேர் கேட்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. விதிகள் அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் முணுமுணுவென்று பேசுவதால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காது.

ஜூல்மீரா அதில் கெட்டிக்காரியானாள். ஒருமுறை ஒரு கிழவி வந்து மருமகளைத் திட்டித் தீர்த்தாள்.

"காப்பி ஊத்தறதே இல்ல. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, திமிரு."

"எப்போலேருந்து பாட்டி?"

"அவ கறுப்புத் துணி உடுத்த ஆரம்பிச்சாளே, அப்போலேருந்து."

சொல்லிவிட்டுக் கிழவி நிறுத்தினாள். அப்புறம் மெல்லக் கேட்டாள், "கறுப்பு யாருக்கு உடுத்தறா?" அதற்குமேல் ஜூல்மீரா அதிகம் சொல்லவேண்டி இருக்கவில்லை.

இப்படி ஊரார் வீட்டுச் செத்தவர்களையெல்லாம் அவள் அனுப்பி வைத்தாள். சொந்த மகன் மட்டும் வரவில்லை. வீட்டில் கணவன் வால்தொமீரோ இதையெல்லாம் நம்புவதில்லை. பால் கூட்டுறவில் வேலை பார்த்துக் கால் மரத்துப்போனவன், நாளெல்லாம் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

"உசுரோட இருக்கறவன் தண்ணி கேட்டா காதுல விழாது. செத்தவன் இருமினா ஓடுவா," என்பான். ஆனால் ஜில்மாரின் பேரை அவன் வாயால் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மறுபடி சனவரி வந்தது. மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை, ஜூல்மீராவுக்கு முன்னால் ஒதெச்சி உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் நகம் வெட்டிச் சாயம் பூசுகிற கடை வைத்திருந்தாள் அவள். மன்றத்திலேயே வாயாடி அவள்தான், நல்ல மீடியமும் அவள்தான். அவளுடைய மகள் லுசீனியாவுக்கு ஜூல்மீரா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஒதெச்சியின் தலை சாய்ந்தது. தோள்கள் குறுகின. இரண்டு கையும் மடியில் வந்து, எதையோ விழாமல் பிடித்துக்கொள்வதுபோல் வளைந்தன. குரல் அவளுடையதுதான். பேச்சு மட்டும் மெதுவாக, தூக்கத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

"பஸ் வந்துடுச்சா?"

"எந்த பஸ்ஸுப்பா?"

"கோயானியா பஸ். மூணாம் மேடைல உக்காந்திருக்கேன். அவங்க இன்னும் கூப்பிடல."

ஜூல்மீராவின் விரல்கள் மேசை விரிப்பைப் பற்றின.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

"தெரியல. மழையா பெய்யுது. ஷூவெல்லாம் நனைஞ்சுபோச்சு, குளிருது. மடியில பால் இனிப்பு வாசனை அடிக்குது. டப்பாவத்தான் காணோம்."

பாலும் சர்க்கரையும் போட்டுக் காலையெல்லாம் கிளறி, பால்பொடி டப்பாவில் அடைத்து அவள்தான் கொடுத்தனுப்பினாள். பேருந்து நிலையத்தில் அதை மகன் கையில் கொடுத்தபோது டப்பா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நூறு பேரிடம் சொன்னதுதான். 'உன் கையைப் பார் தம்பி. கடைசியாக உன்னிடம் யார் பேசினார்கள், நினைவிருக்கிறதா?' அங்கிருந்து தொடங்கினால் கொஞ்சநேரத்தில் அவனுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் இந்த மேசைக்குத் திரும்பி வந்ததில்லை.

"பஸ் லேட்டு," என்றாள் ஜூல்மீரா. "வர்றப்ப நான் சொல்றேன். இங்கயே இரு. எங்கயும் போயிடாத. அடுத்த வியாழக்கிழமை மறுபடி பேசலாம்."

"சரிங்க," என்றது அந்தக் குரல்.

அம்மா என்று சொல்லவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. சட்டென்று உடம்பை விட்டவர்களுக்கு அடிபட்ட தலைபோல நினைவு கலங்கியிருக்கும் என்பது மன்றத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. மினாஸில் எந்தத் தாய்தான் மகனைப் பால் இனிப்பு இல்லாமல் வழியனுப்புகிறாள் என்ற எண்ணமும் ஒரு கணம் வந்தது. அதை அவள் உள்ளே விடவில்லை.

வாரங்கள் போயின. ஒவ்வொரு வியாழனும் அவன் வந்தான். "பஸ் வந்துடுச்சா?" என்றுதான் தொடங்குவான். "இன்னும் இல்லப்பா," என்பாள் அவள். அப்புறம் அவனோடு சும்மா பேசுவாள். பசிக்கிறதா என்று கேட்பாள். மழை நாளில் கோழிக்கறியும் வெண்டைக்காயும் சமைத்ததைச் சொல்வாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். சிலசமயம், "ரொம்பக் குளிருதுங்க," என்பான். "கொஞ்சம் பொறுத்துக்கோ," என்பாள். மற்றவர்களின் முணுமுணுப்புக்கு நடுவே அது யார் காதிலும் விழவில்லை.

வீட்டில் அவள் வாய்க்குள் பாட ஆரம்பித்தாள். புதன்கிழமைதோறும் அடுப்பில் பாலை ஏற்றிக் கிளறினாள்.

"யாருக்குடி இவ்வளவு?" என்றான் வால்தொமீரோ. "எனக்குச் சர்க்கரை வியாதி. உனக்கும் பாதி வந்தாச்சு."

"கெடக்கட்டும்."

"பாட்டு வேற. என்ன, பையன் போன் பண்ணானா?"

வழக்கமான கிண்டல் என்று நினைத்துத்தான் ஆரம்பித்திருப்பான். பாதியிலேயே அது வேறாகிவிட்டது. அவன் வானொலியைப் பெரிதாக வைத்தான். ஜூல்மீரா கரண்டியை நிறுத்தாமல் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் துக்கம் இல்லாததைக் கண்டு அவன் பயந்தான்.

பேருந்து நிலையத்தில் மூன்றாம் மேடையின் பெஞ்சு காலியாகவே கிடந்தது. பண்டிகைக் கூட்டத்தில் சனங்கள் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சநேரத்தில் தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்துபோனார்கள். தரை கூட்டும் பெண் கிளியோனிசியிடம் புலம்பினாள்: "மேல கூரை ஒழுகல. சுத்தி எங்கயும் ஈரமில்ல. அந்த பெஞ்சுக்கு அடியில மட்டும் தண்ணி. தொடச்சுட்டுத் திரும்பறேன், மறுபடி ரெண்டு பாதம் அளவுக்கு ஈரம்."

கண்ணாடிக்குப் பின்னால் ஜூல்மீரா அதைக் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். குளிர் முழங்காலில் ஏறும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆறு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் சாப்பிட்டதில்லை.

ஈஸ்டர் நெருங்கிய சமயம், ஒதெச்சியின் கடையில் ஒரு பெண்ணின் விரலில் கத்தி பட்டு ரத்தம் வந்தது. ஒதெச்சியின் கை நடுங்கத் தொடங்கி நாளாகியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் ஒலிபெருக்கி அறைக்கே வந்தாள். நல்ல வெயில் அடித்த நாள். அவள் கம்பளிக் காலுறை போட்டிருந்தாள்.

"என் காலு காயவே மாட்டேங்குது, கொமாத்ரே. ரெண்டு உறை போட்டாலும் உள்ள சொதசொதன்னு இருக்கு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். வயசாச்சுன்னான். அவனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி." அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு சட்டென்று நின்றது. "நேத்து கடையப் பூட்டிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அப்பறம் பாத்தா, அதோ, மூணாம் மேடைல உக்காந்திருக்கேன். மடியில ரெண்டு கையும் வெச்சுக்கிட்டு. லுசீனியா தேடிக்கிட்டு வந்து தோளத் தொட்டா. நான் அவளப் பாத்து என்ன கேட்டேன் தெரியுமா? 'கூப்பிட்டாங்களா'ன்னு கேட்டேனாம். பெத்த பொண்ணு பேரு வாயில வரல."

ஜூல்மீரா ஒலிவாங்கியின் கம்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அடுத்த பிறவில ஆம்பளையாப் பொறக்கணும்னு சொல்லிட்டிருப்பேன். அதுக்காக இப்பவே ஒருத்தன உள்ள குடி வெப்பாங்களா? நீதான அவன்கூடப் பேசற. எனக்குத்தான் எந்திரிச்சா பேச்சு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, எவனோ ஒரு பையன்னு மட்டும் தெரியும். அவன் ஏன் போகமாட்டேங்கறான்?"

"கொஞ்சம் பிடிவாதக்காரன்," என்றாள் ஜூல்மீரா.

"உங்கிட்டயா? எப்பேர்ப்பட்டவனயும் அனுப்பினவளாச்சே." ஒதெச்சி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நொண்டிக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்தில் இரண்டு பாதங்கள் ஈரமாகப் பதிந்திருந்தன.

இரண்டு நாள் கழித்து சேவு அன்செல்மோ வந்து சொன்னார்: "ஒதெச்சி வந்து சொன்னா. இப்படியே விட்டா அவளுக்குத் தாங்காது. அந்தப் பையன யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க. அவனா நிக்கல, நிறுத்தி வெச்சிருக்காங்க. அது உசுரோட இருக்கறவங்க செய்யற காரியம். இந்த வியாழன் அவன்கிட்ட நான் பேசறேன். நீ வேற மீடியத்துக்கிட்ட உக்காரு."

"இல்ல, நானே பேசறேன்," என்றாள். "ஒரேயொரு தடவை."

அவர் தன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பேசறதா இருந்தா முழுசாப் பேசு," என்றார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து, வானொலியை நிறுத்திவிட்டு, கணவனுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரித்தால் கோபித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொண்டால் இன்னும் ஒரு வாரம் தள்ளலாம் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வால்தொமீரோ சிரிக்கவில்லை. தன் மரத்துப்போன காலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நனைஞ்சிருக்கேன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"குளிருதுன்னு?"

"ஒவ்வொரு வாரமும் சொல்றான்."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, தெரியுமில்ல."

"தெரியும்."

"நம்பறவ நீ. நெஜமாவே அவன்தான்னு நம்பறவ." அவன் குரல் உடைந்தது. "அப்பறம் எப்படிடி மழையில உக்கார வெச்ச அவன?"

அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அடுக்களையில் டப்பா டப்பாவாகப் பால் இனிப்பு அடுக்கியிருந்தது. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

வியாழன் வந்தது. நீல விளக்கு எரிந்தது. ஒதெச்சியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். கண்ணை மூடுவதற்குள்ளேயே அவள் கைகள் மடிக்கு வந்துவிட்டன.

"பஸ் வந்துடுச்சா?"

ஜூல்மீரா இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டாள். "தம்பி, உன் கையப் பாரு."

"ஏங்க?"

"பாரு. அதுல ஈரம் இருக்கா?"

"இருக்கு. எப்பவும் இருக்கு."

"எத்தனை மழை, எத்தனை வெயில் போச்சு. அது ஏன் காயல?"

மேசையின் மறுபக்கத்தில் யாரோ ஒரு ஆவி அழுதுகொண்டிருந்தது.

"நீ அந்த பஸ்ல ஏறிட்டப்பா," என்றாள் ஜூல்மீரா. "ஏறிப் போனே. பாலத்துக்கிட்ட ஆத்துல விழுந்துடுச்சு. நீ உடம்ப விட்டு ஆறு வருஷமாச்சு. நான்தான்... உங்கிட்ட பஸ் லேட்டுன்னு பொய் சொன்னேன்."

ஒதெச்சியின் உடம்பு குளிரில் உதறுவதுபோல் ஒருமுறை உதறியது.

"சத்தம் கேட்டுச்சு," என்றது குரல். "பெரிய சத்தம். அப்பறம் தண்ணி. நான் தூங்கிட்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் எழுப்பினான்."

"எந்தப் பையன்?"

"பால் இனிப்பு குடுத்தானே, அவன். என்னை வழியனுப்ப யாரும் வரல. அதப் பாத்துட்டு ஏறின உடனே டப்பாவத் திறந்து பாதிய எடுத்துக்கிட்டு, மீதிய டப்பாவோட எங்கிட்ட குடுத்துட்டான். ஒலிபெருக்கில பேசறாங்களே, அது எங்கம்மான்னான். பஸ்ல இருந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னான்."

ஜூல்மீரா மடியில் வளைந்திருந்த அந்தக் கைகளையே பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள அவன் என்னை உலுக்கினான். 'எந்திரிடா, கூப்பிடறாங்க, போலாம்'னான். யார் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தூக்கம் போகல. நீ போ, பின்னாலயே வரேன்னேன். ரெண்டு தடவை திரும்பிப் பாத்தான். அப்பறம் போயிட்டான்."

"போயிட்டானா?"

"அப்பவே. சிரிச்சுக்கிட்டுத்தான் போனான். நான் முழிச்சப்ப யாருமில்ல. அவங்கம்மா குரல் மறுபடி கூப்பிடும்ல, அப்ப போலாம்னு இங்க வந்து உக்காந்தேன். அவங்க கூப்பிடவேயில்ல. வேற ஒரு பொம்பளதான் கூப்பிடறா. அது என் பஸ் இல்லயோன்னு ஏறாம இருந்துட்டேன்."

இத்தனை வருடமும் மத்தியானந்தோறும் காப்பிக் குவளையோடு எழுந்துபோனது அவள் கண்முன் வந்தது. மகனுக்காக என்று நினைத்து மூடிய வாய். அந்த வாய் மூடியிருந்ததால் வழியனுப்ப ஆளில்லாத வேறு எவனோ ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அது தெரியாமல் செய்தது. இந்த மூன்று மாதம் தெரிந்தே செய்தது.

பேர் கேட்கக் கூடாது என்பது விதி. அவள் கேட்கவில்லை. கேட்டு யாரிடம் சொல்வது?

"அந்தக் குரல் என்னுதுதான்ப்பா," என்றாள்.

"நீங்களா?" அவன் யோசித்தான். "கிட்டத்துல கேட்டா வேற மாதிரி இருக்கு." பிறகு, கூச்சத்தோடு: "கூப்பிடறீங்களா?"

ஜூல்மீரா எழுந்து நின்றாள். எல்லாரும் முணுமுணுக்கும் அந்த அறையில் யாரும் எழுந்து நிற்பது வழக்கமில்லை. கூரை முழுக்கப் பரவும் தன் குரலில், அவசரமில்லாமல் கூப்பிட்டாள்.

"கோயானியா செல்லும் பயணிகள் மூன்றாம் மேடைக்கு வரவும். பேருந்து புறப்படத் தயாராக உள்ளது."

மேசையைச் சுற்றி எல்லாப் பேச்சும் நின்றது. அழுதுகொண்டிருந்த ஆவியும் நிறுத்தியது. ஒதெச்சியின் முதுகு நிமிர்ந்தது. மடியில் வளைந்திருந்த கைகள் மெல்ல விரிந்து, பிடித்திருந்ததை விட்டன. யாரோ எழுந்துபோவதுபோல் விளக்கின் நீலம் ஒருமுறை மறைந்து தெரிந்தது. கதவு சாத்தியே இருந்தது.

சேவு அன்செல்மோ சாடித் தண்ணீரைக் குவளைகளில் ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்தார். ஜூல்மீராவின் குவளையை மட்டும் அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார். ஒதெச்சி கண்ணைத் திறந்து, காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சுடுச்சு, கொமாத்ரே," என்றாள். பிறகு ஜூல்மீராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தான் செய்ததை அவளிடம் சொல்ல ஜூல்மீராவுக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. சொன்னபோது ஒதெச்சி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

வீட்டில் வால்தொமீரோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"போயிட்டானா?"

"ஜில்மார் அன்னிக்கே போயிட்டான். இது வேற வீட்டுப் பையன்."

நடந்ததைக் கேட்டான். கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு டப்பாவைத் திறந்து, சர்க்கரை வியாதியை மறந்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"பாதியக் குடுத்தானா," என்றான். "ஜில்மார் எப்பவுமே அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தனுப்பறத ஒருநாளும் அவன் முழுசாத் தின்னதில்ல."

அவன் அந்தப் பேரைச் சொன்ன விதத்தில், ஆறு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கோயானியா பேருந்து வந்து நின்றது. கிளியோனிசி வழக்கம்போல் எழுந்து வந்தாள். ஜூல்மீரா குவளையை எடுக்கவில்லை.

"நீ உக்காரு."

அவள் கூப்பிட்டாள். சனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மூன்றாம் மேடைப் பெஞ்சில் கோழிக்கூடையோடு ஒரு பெண்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காலுக்கடியில் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. அவளும் எழுந்து போய் ஏறினாள். மேடை காலியானது. ஓட்டுநர் கதவைச் சாத்தப் போனான்.

ஜூல்மீரா மறுபடி ஒலிவாங்கியை அழுத்தினாள். "கோயானியா செல்லும் பயணிகள் மூன்றாம் மேடைக்கு வரவும்."

ஓட்டுநர் கண்ணாடியருகே வந்து சிரித்தான். "எல்லாரும் ஏறியாச்சு, தோனா ஜூல்மீரா. ஒரு ஈ, காக்கா மிச்சமில்ல. இன்னும் யாரக் கூப்பிடறீங்க?"

ஆற்றில் விழுந்த அந்தப் பேருந்தில் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களில் யார் விழித்துக்கொண்டார்கள், யார் இன்னும் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. அவள் காலியான பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாராச்சும் தூங்கிட்டிருக்கப் போறாங்க," என்றாள். "கதவ இன்னும் கொஞ்சநேரம் திறந்தே வை."